11 வருஷம் கழித்து ஒரு பஞ்சுக் குச்சி

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து 11 வருஷம் ஆகிறது. இத்தனை வருஷமும் சிடி4 (எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) எவ்வளவு என்பதுதான் பேச்சு. கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லி யாரும் சொன்னதில்லை. மாத்திரை வாங்கும் கிளினிக்கிலேயே இப்போது அதற்கென்று ஒரு அறை திறந்திருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் குறை. கதவில் 'எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை' என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், என்ன என்று ஊருக்கே சொல்ல வேண்டுமா? போதாததற்குப் பெயரைச் சத்தமாக வேறு கூப்பிடுகிறார்கள்.

உள்ளே போனால் கதை வேறு. அங்கிருந்த நர்ஸ் அவசரப்படவில்லை. "அக்கா, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் நிறையப் பேருக்கு வந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் தானே போயிடும். எதிர்ப்புச் சக்தி குறைஞ்ச உடம்புல அது தங்கிடும்" என்றார். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு என்றும், அதனால் 25 வயதிலிருந்தே 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கு வயது 41. சிகரெட் பழக்கம் உண்டா, மாத்திரை நடுவில் விட்டுப்போனதா, சிடி4 எந்த அளவுக்கு இறங்கியது என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாத்திரை ஆரம்பித்தபோது எனக்கு 140. அந்தப் பழைய எண்ணுக்கு இத்தனை மதிப்பு இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

எச்.பி.வி. சோதனைக்கான மாதிரியை நாமே எடுத்துக் கொடுக்கலாம். காது குடையும் பட்ஸைவிட நீளமான பஞ்சுக் குச்சி. பிறப்புறுப்புக்குள் மெதுவாகச் செலுத்திச் சுழற்றி எடுத்துக் குழாயில் போட வேண்டும். முதல் குச்சியைத் தரையில் தவறவிட்டேன். முகம் சுளிக்காமல் இன்னொன்று கொடுத்தார்.

முடிவு வர ஐந்து வாரம். வந்த குறுஞ்செய்தியிலும் 'நேரில் வரவும்' என்று மட்டும்தான். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. எச்.பி.வி. பாசிட்டிவ். கர்ப்பப்பை வாயில் அசெட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பதுதான்) தடவி ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்ததில் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு. புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய நிலைதான் என்று டாக்டர் சொல்லி, அன்றைக்கே சூட்டுக் கருவியால் அதைப் பொசுக்கிவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மாதவிடாய் வலி மாதிரி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். 12 மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரக்கூடிய வேறு புற்றுநோய்களான லிம்போமா, கபோசி சர்கோமா பற்றியும் கேட்டேன். அவற்றுக்கு இப்படி முன்கூட்டிப் பார்க்கும் பரிசோதனை அங்கே இல்லை, மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்றார்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். போகிறவர்கள் மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பழைய சிடி4 சீட்டுகள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.