“இனிமே அந்தப் பெட்டி வராதுக்கா” என்று சர்வீஸ் கடையில் சொன்னால் உடனே விசாரியுங்கள்

கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஆறு மாதத்தில் ஒரே கடையில் 4,850 ரூபாய் கொடுத்திருக்கிறேன். கோளாறு தொடங்கியதே அந்தக் கடையில்தான் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

விருதுநகரில் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். பில், ஜிஎஸ்டி கணக்கு, மகனின் பள்ளிப் பாடம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். பில் போடும் மென்பொருள் ரொம்பப் பழசு. அதைத் திறக்கும்போதெல்லாம் திரை மங்கி நடுவில் ஒரு பெட்டி வரும். இந்த மென்பொருள் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ய விடலாமா என்று கேட்கும். வாசலில் வண்டி நிற்க, அவசரமாக பில் எடுக்கிற நேரத்தில் அது எரிச்சலாகத்தான் இருந்தது. தூசி தட்டக் கொடுத்தபோது கடைத் தம்பியிடம் அதையும் சொன்னேன். “அது விண்டோஸோட தொல்லைக்கா, எடுத்து விட்டுட்டேன். இனிமே வராது” என்றார். 600 ரூபாய். நானும் சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து மகன் ஏதோ ஒரு விளையாட்டுக்கான கூடுதல் ஃபைலை இறக்கினான். இரண்டு முறை கிளிக் செய்தான், ஒன்றும் திறக்கவில்லை, விட்டுவிட்டான். அன்று முதல் சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைய ஆரம்பித்தது. பில் மென்பொருள் திறக்க மூன்று நிமிடம். ஆனால் எது ஓடுகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சத்தம் உடனே அடங்கிவிடும். மூடினால் மறுபடி இரைச்சல்.

கடைக்குக் கொண்டுபோனேன். “பவர் சப்ளை வீக், ஃபேனும் போச்சு” என்று இரண்டையும் மாற்றி 1,850 வாங்கினார்கள். சரியாகவில்லை. அடுத்த மாதம் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் போட்டால் சரியாகும் என்று 2,400. பழைய டிஸ்கில் இருந்ததை அப்படியே புதியதில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். நோயும் சேர்ந்து வந்துவிட்டது.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து சித்தி பையன் வந்திருந்தான். இந்த வேலையிலேயே இருப்பவன். கால் மணி நேரம் பார்த்துவிட்டு, “அக்கா, உங்க வீட்டுக் கதவுல பூட்டையே கழட்டி வச்சிருக்காங்க” என்றான்.

அந்தப் பெட்டியின் பெயர் யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. நாம் எல்லா உரிமையும் உள்ள அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்திருந்தாலும், திறக்கிற மென்பொருளுக்கு முதலில் சாதாரண உரிமைதான் கிடைக்கும். முழு உரிமை வேண்டுமென்றால் நம்மிடம் கேட்டாக வேண்டும். கடையில் அந்த அமைப்பை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார்கள். பெட்டி வராமல் போனதால் கேட்கிறவனுக்கெல்லாம் முழு உரிமை தானாகவே போய்க்கொண்டிருந்தது. மகன் இறக்கிய ஃபைல் அப்படி உள்ளே போய், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் ஓடும்படி தன்னைப் பதிந்து வைத்துக்கொண்டு, எங்கள் மின்சாரத்தில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் ஒளிந்துகொள்வதும் அதன் வேலைதான்.

வைரஸ் தடுப்பு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். அங்கேயும் இதே கதை. நான் கேட்காமலே திருட்டு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் போட்டிருக்கிறார்கள். அதை விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால், சோதிக்கவே வேண்டாம் என்று சொல்லும் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்திருக்கிறார்கள்.

பெட்டி இருந்திருந்தால் எல்லாம் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. நாமே யெஸ் அழுத்தினால் அது விட்டுவிடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டைத் திருடுகிற சில ஃபைல்களுக்கு இந்த அனுமதியே தேவையில்லை. ஆனால் தயாரிப்பாளர் யாரென்று தெரியாத ஃபைல் என்றால் பெட்டி மஞ்சள் நிறத்தில் வரும். தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையெழுத்து சரிபார்க்கப்பட்டதென்றால் நீலம். மஞ்சளைப் பார்த்திருந்தால் என் மகன் என்னைக் கூப்பிட்டிருப்பான். அந்த ஒரு வாய்ப்பைத்தான், அது எதற்கு என்று எங்களிடம் சொல்லாமல் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஸ்டார்ட்டை அழுத்தி அந்தப் பெட்டியின் சுருக்கப் பெயரான UAC என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் அதன் செட்டிங்ஸ் வரும். நான்கு படிகள் உள்ள ஒரு கோடும் அதில் நகரும் குமிழும் இருக்கும். மேலிருந்து இரண்டாவது படிதான் விண்டோஸ் வழக்கமாக வைத்திருப்பது. அடியில் இருந்தால் உடனே ஏற்றுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதியின் அமைப்புகளுக்குள் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத எது இருந்தாலும், குறிப்பாக முழு டிரைவ் இருந்தால், கேள்வி கேளுங்கள்.

என் பில் மென்பொருளின் தொல்லைக்குச் சரியான மருந்தும் இருந்தது. அது தன் கணக்கு ஃபைல்களை, மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதுகிறது. அங்கே எழுத சாதாரண உரிமை போதாது, அதனால் எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும்படி அதை அமைத்திருந்தார்கள். அதனால்தான் தினமும் கேட்டிருக்கிறது. சித்தி பையன் அதன் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்து, அந்த அமைப்பை எடுத்துவிட்டான். பெட்டி நின்றுவிட்டது. ஐந்து நிமிட வேலை. இதைத்தான் நான் கடையில் கேட்டிருந்தேன்.

பிறகு மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து பென்டிரைவில் இறக்கி விண்டோஸை முதலிலிருந்து போட்டோம். பாஸ்வேர்டுகளை எல்லாம் போனிலிருந்து மாற்றினேன். மகனுக்குத் தனியாக, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத ஸ்டாண்டர்டு கணக்கு. இப்போது முழு உரிமை கேட்கும் எதை அவன் நிறுவினாலும் என் பாஸ்வேர்டைக் கேட்கிறது. ஃபேன் அடங்கிவிட்டது.

கடைக்குப் போய்ச் சொன்னேன். அந்தத் தம்பி மறுக்கவில்லை. “எல்லாருக்கும் அப்படித்தான்க்கா வச்சுக் கொடுக்கிறோம். இல்லேன்னா பெட்டி வருதுன்னு திரும்பக் கொண்டு வர்றாங்க” என்றார். பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, மாற்றிய பாகங்கள் உங்களிடம்தானே இருக்கின்றன என்றார்கள்.

எல்லாருக்கும் என்ற அந்தச் சொல் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. நேற்று மாலை எதிர் வீட்டு டீச்சரின் லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். அவரும் அதே கடைதான். குமிழ் அடியில் இருந்தது. விலக்குப் பட்டியலில் சி டிரைவ்.