நீலக் குழியா, பலன்காரா? கேரிபியனில் எங்கே முக்குளிப்பது?

கேரிபியனில் ஸ்கூபா என்று பேச்செடுத்தால் முதலில் கைமாறும் படம் ஒன்றுதான். வெளிர்நீலக் கடலுக்கு நடுவே, காம்பஸ் வைத்து வரைந்தது போல ஒரு கருநீல வட்டம்: பெலீஸ் நாட்டின் கிரேட் புளூ ஹோல். அந்தப் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது விமானத்திலிருந்து எடுத்தது. தண்ணீருக்குள் இறங்குகிறவருக்கு வட்டம் தெரியவே தெரியாது.

விசித்திரமான கடலடி வடிவங்களைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்றால், இதற்குப் போட்டியாக நான் நிறுத்துவது மெக்சிகோவின் கொசுமெல் தீவை ஒட்டிய பலன்கார் பவளத்திட்டு.

முதலில் புளூ ஹோல். சுமார் 300 மீட்டர் அகலம், ஏறக்குறைய 125 மீட்டர் ஆழம். சுற்றி இருப்பது பவளம்தான், ஆனால் குழியைச் செய்தது பவளம் அல்ல. பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தபோது இது காய்ந்த சுண்ணாம்புக் குகை. அப்புறம் கூரை இடிந்தது, கடல் ஏறியது. அதற்குச் சாட்சி சுமார் 40 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது: உள்ளே குடைந்து போகும் விளிம்பின் அடியில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பெரிய சுண்ணாம்புத் தூண்கள். காற்றில் சொட்டுச் சொட்டாக வடிந்தால்தான் இப்படித் தூண் உண்டாகும், தண்ணீருக்குள் உண்டாகாது. சில தூண்கள் நேராகக்கூட இல்லை, சாய்ந்து நிற்கின்றன. 1971-இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ தன் கலிப்ஸோ கப்பலைக் கொண்டுபோய் இதை உலகப் புகழாக்கினார். சும்மா சொல்லக் கூடாது, தூண்கள் அபாரம்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு. சிலிண்டரில் உள்ள காற்றும் அதே வேகத்தில் காலியாகும். ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் போதை போல மூளையை மந்தமாக்கும் நைட்ரஜன் மயக்கம் வேறு லேசாக எட்டிப்பார்க்கும். அடியில் கிடைப்பது எட்டு நிமிடம் போல. அந்த எட்டு நிமிடத்தில் காற்று மீட்டரைப் பார்க்க வேண்டும், வழிகாட்டியைப் பார்க்க வேண்டும், கூட வந்தவரைப் பார்க்க வேண்டும். மீதி நேரத்தில் தூண்.

உள்சுவரில் பவளமும் அதிகம் இல்லை. வெளிச்சம் குறைவு, தண்ணீர் ஓட்டமும் குறைவு. அதிர்ஷ்டம் இருந்தால் இருட்டிலிருந்து ஒரு சுறா வந்து நோட்டம் விட்டுப் போகும். 90 மீட்டர் வாக்கில் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு படலமாகக் கிடக்கிறது, அதற்குக் கீழே ஆக்சிஜனே இல்லை. 2018-இல் நீர்மூழ்கியில் அடிவரை போனவர்கள் அங்கே கண்டது செத்த சங்குகளையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும்.

பலன்காரில் நிலைமை தலைகீழ். இங்கே விசித்திரத்தைக் கட்டியது பவளமே. தீவின் தென்மேற்குக் கரையோரம் சில கிலோமீட்டர் நீளத்துக்கு, மணல் திட்டிலிருந்து கோபுரம் கோபுரமாகப் பவளப் பாறைகள் எழுந்து நிற்கின்றன. அவை வெளிச்சம் தேடிப் பக்கவாட்டில் வளர்ந்து, தலைக்கு மேல் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ள, நடுவில் வளைவுகளும் சந்துகளும் சுரங்கங்களும் உண்டாகிவிட்டன. பழைய ஊர் அக்ரஹாரத்துச் சந்தில் நுழைவது போல ஒரு பக்கம் நுழைந்தால், இன்னொரு பக்கம் திடீரென்று அடிதெரியாத நீலச் சரிவின் விளிம்பில் வெளியே வருவீர்கள். புளூ ஹோலில் வடிவத்தைத் தள்ளி நின்று பார்க்கிறோம். இங்கே வடிவத்துக்குள்ளேயே போய் வருகிறோம். எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

நேரமும் தாராளம். பலன்கார் தோட்டங்கள் என்ற பகுதியில் 18 மீட்டருக்குள்ளேயே முக்கால் மணி நேரம் சுற்றலாம். ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப நிலைப் பயிற்சிச் சான்று அட்டை போதும். காலை உதைக்கக்கூட வேண்டியதில்லை, நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும். படகு மேலே குமிழியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரும். பாறை இடுக்கில் எட்டிப் பார்த்தால், துடுப்பு ஓரமெல்லாம் மஞ்சள் பூசிய, கோடு போட்ட தலையோடு ஒரு தேரைமீன் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொசுமெலின் செல்லப்பிள்ளை அது.

குறையும் உண்டு. அதே நீரோட்டம் பலமான நாளில் நின்று நிதானமாகப் பார்க்க விடாது. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் சந்துக்குள் போனால் காலில் மாட்டிய துடுப்பு பட்டுப் பவளம் உடையும். எதையாவது பிடித்து நிற்கும் ஆசையே வரக் கூடாது என்று கையுறைக்கே அங்கே தடை. 2018-இலிருந்து பரவிய பவளத் திசுச் சிதைவு நோய் மூளைப் பவளங்களை வெளுத்த எலும்பாக்கிவிட்டது. 2019-இல் இந்தத் திட்டையே சில வாரம் மூடி வைத்தார்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். கோபுரங்கள் நிற்கின்றன, மேலே இருந்த வண்ணம் குறைந்திருக்கிறது.

மூன்றாவதாக லிட்டில் கேமன் தீவின் பிளடி பே சுவர். ஆறு மீட்டரில் தொடங்கி 300 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் சுவர் அது. பிரமாதம்தான், ஆனால் சுவர் சுவர்தான். வடிவ விசித்திரம் தேடுகிறவர் இதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெலீஸ் பக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆம்பர்கிரிஸ் கே தீவிலிருந்து புளூ ஹோலுக்குப் படகில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாந்தி மாத்திரை கட்டாயம். ஆனால் அதே நாளில் பெரும்பாலும் ஹாஃப் மூன் கே என்ற தீவை ஒட்டிய சுவரிலும் இறக்குவார்கள். பவளமும் மீனும் நிறைந்த அந்த டைவ்தான் செலவழித்த காசுக்கு உண்மையான பலன். மதியம் தீவில் சிவப்புக் கால் பூபிப் பறவைகள் கூடு கட்டியிருப்பதையும் பார்த்துவிடலாம்.

ஆழ டைவில் ஏற்கெனவே பழக்கம் உள்ளவர், குகை, பனியுகம் என்றால் கண் விரிகிறவர் பெலீஸுக்குப் போகட்டும். மற்ற எல்லோருக்கும் என் ஓட்டு பலன்காருக்கு. அந்த வட்டத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் சின்ன விமானத்தில் மேலே சுற்றிக்காட்டுகிறார்கள். அதை டைவுக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளுங்கள். பல டைவ் போட்ட பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருப்பதுதான் முறை.