மொட்டைமாடியில் உரம்: துளை போட்ட வாளியா, மண்புழுத் தொட்டியா?

மாடித்தோட்டம் வைத்த பிறகு காய்கறித் தோலைக் குப்பை வண்டியில் கொட்ட மனசு வருவதில்லை. கொட்டினால் அது பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ உள்ள குப்பைக் கிடங்கில் போய்க் குவியும். காற்றுப் புகாத குவியலின் அடியில் அழுகி மீத்தேன் வாயுவாகும். அதே தோலை வீட்டிலேயே மக்க வைக்கச் சென்னையில் பலரும் கையாளும் இரண்டு வழிகளையும் என் மாடியில் செய்து பார்த்திருக்கிறேன்.

உரத்தின் தரத்தில் மண்புழுத்தான் முன்னால் நிற்கிறது. தேயிலைத் தூள் மாதிரி பொலபொலவென்று இருக்கும், மழை பெய்த மண் வாசனை வரும். கத்தரிச் செடிக்கு ஒரு கைப்பிடி போதும். வாளி உரம் கொஞ்சம் கரடுமுரடு. சலித்தால் முட்டை ஓடும் மாங்கொட்டையும் மேலே நிற்கும்.

ஆனால் மண்புழு வளர்ப்பது ஆடு மாடு வளர்க்கிற மாதிரிதான். எலுமிச்சைத் தோல், புளிச்சக்கை, ஊறுகாய், எண்ணெய் பட்ட மிச்சம் எதுவும் அதற்கு ஆகாது. நம் சமையலறையில் இவற்றைக் கழித்தால் என்ன மிஞ்சும்? சூடு அதைவிடப் பெரிய தொல்லை. 35 டிகிரியைத் தாண்டினாலே புழு தவிக்கும். ஒரு சித்திரையில் அரைக் கிலோ புழு வாங்கி விட்டேன். ஈரக் கோணி போட்டு மூடித்தான் வைத்திருந்தேன். அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம் கோணியைத் தூக்கினால், தொட்டியின் அடியில் பந்து பந்தாகச் சுருண்டு கிடந்தன. இரண்டே நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

வாளிக்கு வெயில் பொருட்டே இல்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் சுற்றிலும் துளை போட்டு, ஒரு கை கழிவுக்கு இரண்டு கை சருகு என்று போட்டுக்கொண்டே வந்தால் போதும். கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். சருகு கார்பனைத் தருகிறது, இடையில் காற்றுக்கும் வழிவிடுகிறது. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர், வாரம் இரண்டு முறை கிளறல், சுமார் இரண்டு மாதத்தில் உரம். நடுவில் கையை நுழைத்தால் இளஞ்சூடு தெரியும். வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தால் நல்லது. தடித்த பழுப்புப் புழுக்களைப் பார்த்து நிறையப் பேர் வாளியையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவை வீட்டு ஈயின் புழு அல்ல, படைவீரன் ஈ என்ற வேறொரு ஈயின் புழு. கழிவை மளமளவென்று தின்று தீர்க்கும். ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். அப்போதும் சரி, நாற்றம் வந்தாலும் சரி, இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள்.

சரி, நகரத்தில் சருகுக்கு எங்கே போவது? மாசி, பங்குனியில் வேம்பு கொட்டும்போது தெருவில் கூட்டி எரிப்பதற்கு முன்னால் நாலு கோணி நிரப்பிவிடுங்கள். தென்னைநார்த் தூளும் ஆகும், காசுதான் அதிகம்.

கொல்லைப்புறம் இருந்தால் இரண்டுமே வேண்டாம். ஒன்றரை அடிக் குழி வெட்டி, போடப்போட மண்ணால் மூடினால் போதும்.

மாடியில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் வாளியைத்தான் சொல்வேன். குன்னூர் மாதிரி குளிர்ந்த ஊரிலோ, சாணம் கிடைக்கிற தரைவீட்டு நிழலிலோ மண்புழு நன்றாக வரும். நான் இப்போது ஐப்பசி முதல் தை வரை மட்டும் புழு வைக்கிறேன், அதுவும் வாளியில் பாதி மக்கியதைத்தான் போடுகிறேன். மாசி பிறந்ததும் கொல்லையில் மாடு வைத்திருக்கும் பக்கத்துத் தெரு அக்காவிடம் புழுக்களைக் கொடுத்துவிடுவேன்.