ஒரு மாரி, ஒரு சோளகம்: வீட்டில் செய்த மரத் தட்டத்தின் பாவனை அனுபவம்

தச்சுவேலை பழகுபவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் தேத்தண்ணித் தட்டத்தில்தான். நாலு சட்டம், ஓர் அடிப்பலகை, இரண்டு கைபிடி. செய்து முடித்த அன்று எல்லாத் தட்டமும் வடிவாகத்தான் இருக்கும். அதன் உண்மையான தரம் யாழ்ப்பாணத்தில் ஒரு மாரியும் ஒரு சோளகமும் (தென்மேற்குக் காற்று வீசும் காய்ந்த காலம்) கழிந்த பிறகே வெளியில் வரும். சில வருடங்கள் நாளாந்தம் புழங்கிய தட்டங்களைப் புரட்டிப் பார்த்தால், பழுது வரும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. வாள் கோணிப்போன வெட்டால் கெட்ட தட்டம் குறைவு. அடிப்பலகை வெடித்தது, அடியில் அடித்த ஆணி கழன்றது, பூச்சு வெளுத்தது, இந்த மூன்றும்தான் அதிகம்.

ஆறு கோப்பையும் ஒரு பலகாரத் தட்டும் கொள்ள, உள்ளளவு 400 × 280 மி.மீ. போதும். இதைவிடப் பெரிதாக்கினால் நிறைந்த தட்டத்தோடு கதவுநிலையால் நுழைவது கரைச்சல். நெடுஞ்சட்டம் இரண்டு: 424 மி.மீ. நீளம், 50 உயரம், 12 தடிப்பு. குறுஞ்சட்டம் இரண்டு: 280 நீளம், 75 உயரம், அதே தடிப்பு. குறுஞ்சட்டங்கள் நெடுஞ்சட்டங்களுக்கு நடுவே பொருந்தும். ஒரே நீளமாக வரவேண்டிய இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி ஒரேயடியாக அறுப்பது நல்லது. இரண்டும் ஒரு மி.மீ. கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் சரி.

மரத்துக்கு வேம்பே போதும். மரக்காலையில் எளிதாகக் கிடைக்கும், அதன் வைரப்பகுதியை, அதாவது முற்றிய நடுமரத்தை, பூச்சி எளிதில் தொடாது. வெளிறு (பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம்) கலந்த துண்டை விலை குறைவு என்று வாங்கக் கூடாது. சில மாதங்களில் ஊசித்துளைகளும் மாப்போன்ற தூளும் வருவது அந்த வெளிறில்தான். மாமரத்தில் இந்தத் தொல்லை இன்னும் கூட. இடித்த பழைய வீட்டுக் கதவுகளில் கிடைக்கும் தேக்கும் முதிரையும் ஏற்கனவே நன்றாகக் காய்ந்தவை என்பதால் அருமையான மரம். ஆனால் உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி சீவுளியின் அலகைத் தின்றுவிடும், காந்தத்தைத் தடவிப் பார்த்த பிறகே சீவ வேண்டும். பனை பார்க்க அழகு. கறுத்த நார்வரிக்காகவே பலர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் வெட்டுமுனையில் நார் பிரிந்து சிராய் ஏறும், உளியும் விரைவில் மழுங்கும். கன்னிவேலைக்கு அது வேண்டாம்.

பலகை காய்ந்துவிட்டதா என்று அறியக் கருவி தேவையில்லை. நிழலில், இடையில் சலாகைத் துண்டு (மெல்லிய மரத்துண்டு) வைத்து அடுக்கி, சில நாட்களுக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் போதும். நிறை குறைவது நின்றால் அறுக்கலாம்.

இனி அடிப்பலகை. தட்டத்தின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. மரம் நீளவாட்டில் அசைவதில்லை என்றே சொல்லலாம், அகலவாட்டில் அசையும். 280 மி.மீ. அகலமான ஒற்றைப் பலகை, ஆடி மாதத்துக் காய்ச்சலுக்கும் கார்த்திகை ஈரத்துக்கும் இடையில் இரண்டு மூன்று மி.மீ. விரிந்து சுருங்கக்கூடியது. அதை நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும்: மாரியில் விரிந்து மூலைப் பொருத்தைத் தள்ளித் திறக்கும், அல்லது சோளகத்தில் சுருங்க இடமில்லாமல் நடுவில் வெடிக்கும். வெடித்த பிறகு பசை நிரப்பிப் பிரயோசனமில்லை, அடுத்த மாரியில் அதே இடம் மீண்டும் தள்ளும்.

ஆகவே ஆரம்பக்காரருக்கு 6 மி.மீ. மரைன் பிளைவூட்தான் (ஈரம் தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை) சரியான வழி. அது அசையாது, நாலு பக்கமும் ஒட்டலாம். சாதாரண பிளைவூட் ஈரத்துணி பட்டுப் பட்டு ஓரத்தில் தாள்தாளாகப் பிரியும். மரநாரை அமுக்கிச் செய்த எம்.டி.எஃப். பலகை ஒருமுறை தேத்தண்ணி ஊறினாலே வீங்கிவிடும், பிறகு இறங்காது. திண்ணிய மரமே வேண்டும் என்பவர்கள் 90 மி.மீ. அகலத்தில் மூன்று பலகை போட்டு, எஞ்சும் 10 மி.மீ.ஐ நாலு நீக்கலாகப் பங்கிட வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் இரு நுனியிலும், அகலத்தின் நடுவில் ஒரேயொரு திருகாணி, பசை கூடாது. இது வெடிக்காது. ஆனால் சிந்திய தேத்தண்ணி நீக்கலால் வடிந்து மேசைவிரிப்பில் இறங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடியைப் பொருத்தும் முறையும் முக்கியம். சட்டத்தின் கீழிருந்து ஆணி அடித்து அடிப்பலகையைப் பிடிக்க வைப்பதே இலகுவான வழி, கெடுவதும் அதுவே. தட்டத்தைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் ஆணியை நேராகக் கீழே இழுக்கிறது. அதற்குப் பதிலாக 10 × 10 மி.மீ. சலாகையை நாலு சட்டத்தின் உட்பக்கக் கீழ்விளிம்பிலும் ஒட்டி, பிளைவூட்டை மேலிருந்து அதன்மேல் இறக்க வேண்டும். பாரம் சலாகையில் அமரும். அந்த ஒட்டு நெடுக நார்மேல் நார் படிவதால் கழலாது.

மூலையில் நிலைமை வேறு. மரத்தின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும், வெறும் ஒட்டு நிலைக்காது. முதலில் மெல்லிய பசைப்பூச்சு ஒன்று போட்டுச் சில நிமிடம் விட்டு, மறுபடி பசை தடவிப் பொருத்த வேண்டும். இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாகக் கிழித்து நாலு பக்கமும் இழுத்துச் சுற்றலாம், நன்றாகவே பிடிக்கும். சுற்றிய உடன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்து, ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைகளை அமுக்கிச் சரிப்படுத்த வேண்டும். பசை இறுகிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மாபிள் தரையில் வைத்து ஆடுகிறதா என்றும் அப்போதே பார்க்க வேண்டும். ஒருநாள் காய்ந்த பின் மூலைக்கு இரண்டு வீதம் 6 மி.மீ. துளை, 40 ஆழத்துக்குப் போட்டு, மூங்கில் முளையைப் பசையோடு அடித்து இறக்கினால் மூலை அசையாது. இரும்பு ஆணி இங்கே உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கும், தேக்கானால் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறையும் படரும். திருகாணி தேவைப்படும் இடத்தில் பித்தளை.

கைபிடித் துளை 100 × 30 மி.மீ. இரு நுனியிலும் 30 மி.மீ. வட்டத்துளை போட்டு, இடையை நுனிவாளால் அறுத்தெடுக்கலாம். துளைக்கு மேலே 18 மி.மீ. மரமாவது நிற்க வேண்டும். நார் குறுஞ்சட்டத்தின் நீளவாட்டில் ஓட வேண்டும். மிச்சத் துண்டில் வெட்டும் அவசரத்தில் நார் செங்குத்தாக நின்றுவிட்டால், கைபிடி ஒருநாள் நிறைந்த தட்டத்தோடு கையோடு வரும். விளிம்புகளை அரத்தால் உருட்டி, 120, 180, 240 என்று சாண்ட் பேப்பர் பிடிக்க வேண்டும். ஒட்டும்போது பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைக்காமல் விட்ட இடங்கள் பூச்சுக்குப் பிறகு வெளிறிய திட்டாகத் தெரியும்.

பூச்சில் நீண்டகால அனுபவம் தெளிவானது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பொலிஷ் முதல் வாரம் கண்ணைப் பறிக்கும். கொதிக்கும் சில்வர் பேணியை வைத்தவுடன் வெள்ளை வளையம் விழும். கதிரைக்கும் அலுமாரிக்கும் அது சரி, தட்டத்துக்குச் சரியில்லை. பொலியூரிதேன் வார்னிஷ் மெல்லிதாக மூன்று கை போட்டால் பல வருடம் தாங்கும். அடிப்பக்கத்துக்கும் அதே மூன்று கை வேண்டும். அடியை வெறுமனே விட்டால் ஒருபக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும், பிளைவூட்டின் ஓரமும் அங்கிருந்துதான் பிரியத் தொடங்கும். தேங்காயெண்ணெய் மரத்தில் உலர்வதில்லை, தூசு பிடித்துச் சிக்கு மணம் வரும். நல்லெண்ணெயும் பிசுபிசுத்துப் போகும். எண்ணெய்ப் பூச்சின் தோற்றம்தான் வேண்டும் என்றால் லின்சீட் எண்ணெய், உலர நாட்கணக்காகும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறவிட வேண்டும்.

பாவனையில் கவனிக்க அதிகமில்லை. தண்ணீரில் அமிழ்த்திக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் சாய்த்து வைக்க வேண்டும். முற்றத்து வெயிலில் கிடத்தினால் வெயில் பட்ட பக்கம் சுருங்கிக் குழியும். முதலில் தேய்வது கைபிடித் துளையின் உள்விளிம்பு. அங்கே மரம் மங்கத் தொடங்கியதும் 320 சாண்ட் பேப்பரால் லேசாக உரசி அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கை வார்னிஷ் பூசினால் போதும், முழுத் தட்டத்தையும் சுரண்டத் தேவையில்லை.