பதக்க வழியும் பொட்டல் வழியும்: தேசிய விளையாட்டுக் கொள்கையை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாட்டின் விளையாட்டுக் கொள்கையை ஒலிம்பிக் மேடையிலிருந்து கீழ்நோக்கி வகுக்கலாம்; ஊர்ப் பொட்டலிலிருந்து மேல்நோக்கியும் வகுக்கலாம். இந்திய அரசு 1984, 2001, 2025 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை தேசிய விளையாட்டுக் கொள்கை வகுத்துள்ளது. சிறந்த வீரர்களை உருவாக்குவது, எல்லோரையும் விளையாட வைப்பது என்ற இரண்டு நோக்கங்களும் மூன்றிலும் இடம்பெற்றுள்ளன. ஆனால் பணமும் கவனமும் இரண்டுக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. காரைக்குடி வட்டாரத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில், இந்த இரண்டு வழிகளையும் எங்கள் ஊர் நிலவரத்தோடு வைத்து ஒப்பிட விரும்புகிறேன்.

பதக்க வழிக்குப் பிரிட்டனே தெளிவான எடுத்துக்காட்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பிய அந்த நாடு, அடுத்த ஆண்டு முதல் தேசிய லாட்டரிப் பணத்தை உயர்நிலை வீரர்களின் பயிற்சிக்குத் திருப்பியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 29 தங்கம் வென்றது. பதக்க வாய்ப்புள்ள விளையாட்டுக்கே பணம் என்பதுதான் அங்கே விதி. அந்த விதியின்படியே, பிள்ளைகள் பெருமளவில் ஆடும் கூடைப்பந்துக்கு வந்துகொண்டிருந்த உயர்நிலை நிதி 2014-இல் நிறுத்தப்பட்டது. கணக்கு நேர்மையானதுதான், ஆனால் அதில் பிள்ளைகளுக்கு இடமில்லை.

நார்வே எதிர்முனையிலிருந்து தொடங்கியது. குழந்தைகளின் விளையாட்டு உரிமைகளை அந்நாட்டு விளையாட்டு அமைப்பு 1987-இலேயே விதியாக எழுதி வைத்தது. பதினொரு வயதை எட்டும் ஆண்டுக்கு முன் பிள்ளைகளின் போட்டி முடிவுகளைத் தரவரிசையாக வெளியிடுவதில்லை. பதின்மூன்று வயதை எட்டும் ஆண்டுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டிக்கு அனுப்புவதுமில்லை. ஏறத்தாழ ஐம்பத்தைந்து லட்சம் மக்களே வாழும் அந்த நாடு, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களும், 2022-இல் 16 தங்கம் உட்பட 37 பதக்கங்களும் பெற்றது. பனி விளையாட்டுகளில் போட்டியிடும் நாடுகள் குறைவு என்பதையும், பெற்றோர் மாலை நேரத்தில் சம்பளமின்றிப் பயிற்சி அளிக்கும் ஊர்க் கழகங்கள் அங்கே வேரூன்றியவை என்பதையும் மறந்துவிட்டு அந்த முறையை அப்படியே இங்கே நட முடியாது.

ஆனால், அதற்கு நிகரான ஒன்று நம்மிடம் இல்லவே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கபடிப் போட்டி நடத்துகிறவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் பணம் அனுப்புகிறார்கள். ஊரில் இருப்பவர்கள் பொட்டலைச் செதுக்கிக் கோடு போட்டு, விளக்குக் கட்டி, வெளியூர் அணிகளுக்குச் சோறு போட்டு அனுப்புகிறார்கள். காரைக்குடியில் உடற்கல்விக் கல்லூரி இருப்பதும் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்விக்கொடையின் வழியில்தான். இந்த ஊர்க்குழுக்களைப் பதிவு செய்து, ஆண்டு முழுவதும் பயிற்சி நடத்தும் கழகங்களாக வளர்க்கச் சிறு தொகை ஒதுக்குவது, ஒரு பெரிய விளையாட்டரங்கின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கொள்கை வகுப்பவர்களின் கண்ணில் இக்குழுக்கள் இன்னும் படவில்லை என்பதே என் ஆதங்கம்.

சிக்கலின் வேர் அதிகாரப் பங்கீட்டில் இருக்கிறது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில், 33-ஆம் இனத்தில் உள்ளது. 2001 கொள்கை இதை ஒட்டி, விளையாட்டைப் பரவலாக்கும் பொறுப்பை முதன்மையாக மாநிலங்களிடம் விட்டு, உயர்நிலைச் சாதனையில் ஒன்றிய அரசு கவனம் செலுத்தும் என்றது; விளையாட்டை, ஒன்றியமும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுவர முயல்வோம் என்றும் எழுதியது. ஏணியின் மேற்பாதியை ஒருவரும் கீழ்ப்பாதியைப் பலரும் செய்தால், நடுவில் படி பொருந்துகிறதா என்று பார்க்க ஆளில்லாமல் போகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒலிம்பிக் வீரருக்கு 2014-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் கைச்செலவுக்குக் கிடைக்கிறது. அதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் குறுவட்டப் போட்டியில் வென்று மாவட்டப் போட்டிக்குப் போகும் சிறுமிக்குப் பேருந்துக் கட்டணத்தையும் மதியச் சாப்பாட்டையும் பல முறை ஆசிரியர்களே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்காகப் பொதுப் பட்டியல்தான் தீர்வு என்று நான் கருதவில்லை. எங்கள் பக்கத்துச் சிறாவயல் ஊரின் மஞ்சுவிரட்டு, அதாவது ஜல்லிக்கட்டு போன்ற காளை விளையாட்டு, எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது இப்பகுதியின் மஞ்சுவிரட்டும் சேர்ந்தே நின்றது. 2017-இல் தமிழ்நாடு சட்டமன்றம் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்த பிறகே வழி பிறந்தது, 2023-இல் அரசியல் சாசன அமர்வும் அத்திருத்தத்தை ஏற்றது. ஒரு மண்ணின் விளையாட்டு எது, அதை எந்த விதிகளோடு நடத்துவது என்பதை அருகிலிருந்து அறிந்த சட்டமன்றம் முடிவு செய்வதே பொருத்தம். தேசியச் சம்மேளனங்களின் தேர்தல், கணக்கு, வழக்கு போன்றவற்றை ஒன்றிய அரசு ஒழுங்குபடுத்தட்டும்; 2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வாரியமும் தீர்ப்பாயமும் அமைக்க வழி செய்திருப்பது காலம் கடந்தாலும் நல்ல செயலே.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஒடிசா 2018 முதல் இந்திய ஹாக்கி அணிகளுக்குப் புரவலராக இருந்து, இரண்டு உலகக் கோப்பைகளையும் நடத்தியது. ஒரு மாநிலம் ஒரு விளையாட்டைத் தத்தெடுப்பது கைகொடுக்கும் என்பதற்கு இது சான்று. ஆயினும் இது அந்தந்த ஆட்சியாளரின் விருப்பத்தைச் சார்ந்தது. நாடு முழுமைக்குமான கொள்கை ஆகாது.

2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற புதிய தேசிய விளையாட்டுக் கொள்கையான 'கேலோ பாரத் நீத்தி', உலக அரங்கில் சாதனை, பொருளாதாரம், சமூக வளர்ச்சி, மக்கள் இயக்கம், கல்வியோடு இணைப்பு என்ற ஐந்து தூண்களை நிறுத்துகிறது. இவற்றுள் கடைசித் தூணையே நான் முதலில் வைத்திருப்பேன். காரணம் எளியது. இந்தியா 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புகிறது. அப்போது இருபது வயதை எட்டியிருக்கப்போகும் பிள்ளைகள் இன்று தொடக்கப் பள்ளி வயதில் இருக்கிறார்கள். எங்கள் வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கெனத் தனி ஆசிரியரை நான் கண்டதில்லை. பெரிய பள்ளிக்குப் போன பிறகே அந்தப் பிள்ளைகள் பி.டி. வாத்தியாரைப் பார்க்கிறார்கள். அங்கும் தேர்வு நெருங்கினால் விளையாட்டு பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது.