கிளட்ச் மாற்றக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்: 41,500 ரூபாய் போய்விட்டது

லாரி வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். 41,500 ரூபாய். எத்தனை நடை ஓடினால் செலவு போக அந்தக் காசு கையில் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்னுடையது 10 சக்கர டாரஸ். நானே முதலாளி, நானே டிரைவர். இரண்டு வாரத்துக்கு முன் லோடோடு மேடு ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. கருகிய வாசம் வேறு. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது எஞ்சின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கடத்தாமல் வழுக்குகிறது என்று தெரிந்துவிட்டது. பைபாஸ் ஓரம் ஸ்பேர் கடையும் பட்டறையும் சேர்த்து நடத்தும் ஓர் இடத்தில் விட்டேன்.

கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "நாமக்கல்லாண்ணே? என் மாமனார் ஊரும் அந்தப் பக்கந்தான்" என்றார். என் கண் முன்னாலேயே அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே கிளட்சின் மூன்று சாமானும் புத்தம் புதுசு: லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஹோலோகிராம் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கூடக் காட்டினார். அப்புறம் சொன்னார்: "கியர்பாக்ஸ் இறக்கி ஏத்த சாயங்காலம் ஆயிரும்ணே. ராத்திரி பூரா ஓட்டியிருக்கீங்க. மாடில ஃபேன் இருக்கு, போய்ப் படுங்க."

இரண்டு நாளாகக் கண் மூடாதவனிடம் இப்படி யார் சொல்கிறார்கள்? மனசு இளகிவிட்டது. போய்ப் படுத்தேன். நான் தூங்கிய அந்த ஐந்து மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. சாயங்காலம் 41,500 ரூபாயை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். கையில் வந்தது ஒரு துண்டுச்சீட்டு.

மறுநாளே வண்டியை எடுக்கும்போது உதறியது. போன் செய்தேன். "புது கிளட்ச்ணே, செட் ஆக 500 கிலோமீட்டர் ஓடணும்" என்றார். பிளேட்டில் உராயும் புது லைனிங் படிய ஓட வேண்டும் என்பது உண்மைதான், அதனால் நம்பினேன். பத்து நாள் அரை லோடிலேயே ஓடியதால் வேறொன்றும் தெரியவில்லை. பதினோராம் நாள் முழு லோடு ஜவ்வரிசியோடு சேலத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பினேன். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில், பாதி மேட்டில், வண்டி நின்றேவிட்டது. மிதித்தால் எஞ்சின் அலறுகிறது, சக்கரம் அசையவில்லை, அடியில் புகை. கிளீனரும் இல்லை. நானே இறங்கி ஓடிக் கட்டை போட்டேன். கொஞ்சம் பின்னால் உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

தருமபுரியில் ஒரு வயதான மெக்கானிக் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தே கியர்பாக்ஸை இறக்கினார். பிரஷர் பிளேட்டின் கருப்புப் பெயிண்டை வயர் பிரஷால் தேய்த்தார். கவரில் இரண்டு புள்ளி. கிளட்ச் உட்காரும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலிலும் அதற்கு நேராக இரண்டு புள்ளி. கழற்றி மாட்டினால் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஊர் மெக்கானிக் பஞ்ச் அடித்தது அது. அன்று டார்ச் பிடித்தவன் நான். என் பழைய பிரஷர் பிளேட்டுக்கே பெயிண்ட் அடித்து எனக்கே மாட்டியிருக்கிறார்கள்! பெட்டியில் காட்டியது திரும்பப் பெட்டிக்கே போயிருக்கும்.

கிளட்ச் பிளேட்டும் பழசுக்கு லைனிங் ஒட்டி ரிவெட் அடித்தது. ஃப்ளைவீல் முகத்தைக் கடைந்து சமமாக்க லேத்துக்கே அனுப்பவில்லை, சூட்டில் நீலம் பாரித்த திட்டுகள் அப்படியே இருந்தன. கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிந்து லைனிங்கெல்லாம் எண்ணெய். வண்டி உதறியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. ரிலீஸ் பேரிங் ஒன்றுதான் புதுசு.

போன் செய்தேன். கடைக்காரர் முதலில் "கிளட்ச் மேல காலை வச்சே ஓட்டியிருப்பீங்க" என்றார். அடுத்த தடவை "கிளட்சுக்கு வாரண்டி கிடையாதுண்ணே." புள்ளி விஷயத்தைச் சொன்னதும் லைன் கட். அப்புறம் ஒரு பையன் எடுத்து "ஓனர் வெளியூர்" என்கிறான். இன்று நேரிலேயே போனேன். டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள், "பில்லு இருக்கா?" என்று கேட்கிறார். 41,500 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது கடைப் பெயர்கூட இல்லாத அந்தத் துண்டுச்சீட்டு. சொந்தப் பிழைப்புக்கு ஓட்டுபவன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், போகத்தான் போகிறேன். ஆனால் அங்கே முதலில் கேட்கப்போவது பில்லைத்தான்.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். கியர்பாக்ஸ் ஏறும் வரை இடத்தை விட்டு நகராதீர்கள். புது பிரஷர் பிளேட்டில் நீங்களே ஆணியால் ஒரு கீறல் போட்டு போட்டோ எடுங்கள். ஃப்ளைவீல் முகத்தையும் ஆயில் சீலையும் பார்க்காமல் மாட்ட விடாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பழைய சாமானைக் கேட்டு வாங்கி உங்கள் கேபினில் போட்டுக்கொள்ளுங்கள், எடைக்குப் போட்டாலும் சரி, அங்கே விட்டு வராதீர்கள்.