பிரெட்டா, உருளைக்கிழங்கா? பிரன்ச்சுக்கு எந்த கேசரோல்?

அமெரிக்க வீடுகளில் வாரக்கடைசி பிரன்ச்சுக்கு, அதாவது காலை உணவும் மதிய உணவும் சேர்ந்த சாப்பாட்டுக்கு, கேசரோல் (பாத்திரத்தோடு அவனில் சுடும் பதார்த்தம்) செய்வதுண்டு. அதில் இரண்டு வகை: பிரெட் அடுக்கிய ஸ்ட்ராட்டா, துருவிய உருளைக்கிழங்கில் செய்யும் ஹாஷ்பிரவுன் கேசரோல். முட்டை, பால், சீஸ், சாசேஜ் இரண்டுக்கும் பொது.

செலவு: ஸ்ட்ராட்டாவுக்கு மீந்துபோன பிரெட்டே போதும், காய்ந்திருந்தால் இன்னும் நல்லது. ஹாஷ்பிரவுனுக்கு உருளைக்கிழங்கைத் துருவ வேண்டும், அல்லது துருவி உறைய வைத்த பாக்கெட் வாங்க வேண்டும்.

வேலை: ஸ்ட்ராட்டாவை முதல் நாள் இரவே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். பிரெட் பாலை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். காலையில் அவனில் 175 டிகிரி செல்சியஸில் சுமார் ஒரு மணி நேரம், அழகாக உப்பி எழும். ஹாஷ்பிரவுனில், துருவிய உருளைக்கிழங்கை ஒட்டப் பிழியாவிட்டால் அடியில் தண்ணீர் நிற்கும்.

மொறுமொறுப்பு: ஹாஷ்பிரவுன்தான்.

கோதுமை ஆகாதவர்கள் வந்தால் உருளைக்கிழங்கு. சாசேஜில் கோதுமை இருக்கிறதா என்று பாக்கெட்டையும் படித்துப் பாருங்கள். காலையில் விருந்தினரோடு உட்கார்ந்து பேச வேண்டுமா? ஸ்ட்ராட்டா. எதுவானாலும் நடுப்பகுதி 71 டிகிரி தொட்ட பிறகே இறக்குங்கள்.